பூதலிங்கத்தின் லேப்டாப் பெட்டி

பூதலிங்கம் ஒரு சாமானைத் திறந்தால் மூட மாட்டான். அதுதான் அவனிடம் உள்ள கோளாறு.

மீனாட்சிபுரத்தில் அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். என்னுடையது தகரப்பெட்டி, பீரோ செய்கிற கடை. அவனுடையது ரேடியோ, டி.வி. ரிப்பேர். அவன் கடைக்குள் போனால் முதுகு திறந்த டி.வி.கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருக்கிற ஆட்களைப் போல. கேட்டால், "கோளாறு தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி, மூடுததுதான் பாக்கி" என்பான். கோளாறு தெரிந்ததோடு அந்தச் சாமான் மேல் அவனுக்கு இருந்த ஆசை போய்விடும். பிறகு யார் மூடுவது? சொந்தக்காரனே வந்து, அவனிடமே திருப்புளி வாங்கி, மூடி எடுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூலியும் கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படிப்பட்டவன் குடும்பம் எப்படி ஓடியது என்றால், அவன் பெண்டாட்டி கோமுவால் ஓடியது. கோமு பாளையங்கோட்டை கோர்ட்டில் வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து உட்கார்ந்திருந்தாள். வக்கீல்கள் நின்றபடி சொல்லச் சொல்ல அடித்துக்கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த இடம் அவளுடையது. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், மழை வந்தால் போர்த்துவதற்கு ஒரு தார்ப்பாய். அதிகம் பேசமாட்டாள். புருஷன் பேசுகிற பேச்சே வீட்டுக்குப் போதும் என்று விட்டுவிட்டாளோ என்னவோ.

அவளுக்கு வந்த வேலையில் முக்கால்வாசி ஒரே ஆளிடமிருந்து வந்தது. வக்கீல் ஹரிஹரசுப்பிரமணியன். கல்லிடைக்குறிச்சிக்காரர். தங்கமான மனிதர், ஆனால் சொன்ன சொல்லில் நிற்கமாட்டார். ஒரு வாக்கியம் சொல்லுவார். அவள் அடித்து முடித்ததும் வெட்டுவார். வேறு ஒன்று சொல்லுவார். அதையும் வெட்டிவிட்டு முதலில் சொன்னதற்கே வந்து நிற்பார். டைப்ரைட்டரில் ஒரு சொல் மாறினால் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். கோமு முகம் சுளிக்காமல் புதுத் தாள் செருகுவாள். அவருடைய குமாஸ்தா மட்டும் பின்னால் நின்று மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் வக்கீல் சொன்னாராம். "கோமு, ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்தாச்சு. அதுல மாத்தணும்னா மாத்திண்டே இருக்கலாம், பக்கம் பக்கமா மறுபடி அடிக்க வேண்டாம். தசரா லீவு முடிஞ்சு கோர்ட் திறக்கறச்சே உன்கிட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தா வேலை உனக்கு. இல்லேன்னா ஹைரோட்டுல ஒருத்தன் கடை போட்டிருக்கான், அங்கே போயிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கப்படாது."

அவர் போனால் மற்ற வேலையை வைத்து மரத்தடியில் உட்கார முடியாது. கோமு வந்து அதைப் புருஷனிடம் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். என் சுத்தியலை அவன் இரவல் வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது, அதைக் கேட்கப் போயிருந்தேன்.

"இவ்வளவுதான?" என்றான் பூதலிங்கம்.

இந்த 'இவ்வளவுதான' என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டால் நான் சுத்தியலை மறந்துவிட வேண்டியதுதான்.

"அங்கன மரத்துல பிளக் பாயின்ட் கெடையாதுல்லா. சாதா கம்ப்யூட்டர் சரிவராது. லேப்டாப்புதான் சரி. பேட்டரியில ஓடும், மடியில வச்சு அடிக்கலாம்."

"அது என்ன வெலை வே?" என்றேன்.

"புதுசுன்னா அந்தக் காசுக்குப் பாளையங்கோட்டையில ஒரு மனை வாங்கிரலாம்."

"பெறவு?"

"வாங்கப்போறது யாரு? நான் செய்யப்போறேன்லா."

மூடத் தெரியாதவன் செய்யப்போகிறானாம். நான் கோமுவைப் பார்த்தேன். அவள் டைப்ரைட்டரில் கறுப்பேறிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தசராவுக்குள்ள ஆயிருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தசராவா? அதுக்கு முன்னாலயே ஆயிரும்."

செய்வதற்குச் சாமான் காயல்பட்டினத்து மொகுதூம் காக்காவிடமிருந்து வந்தது; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் துபாயில் ஒரு ஆபீசில் வேலையாக இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் அவர் தெருவில் பழுதான டேப் ரிக்கார்டர், டி.வி. எல்லாவற்றையும் சேர்த்து பூதலிங்கத்திடம் கொண்டுவந்து போடுவார். ஆபீசில் குப்பைக்குப் போன இரண்டு லேப்டாப்புகளைச் சட்டைத் துணியில் சுற்றி அந்த முறை கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டும் மவுத்தாப் போச்சு வே. ஒண்ணு மாடிப்படியில உருண்டது, இன்னொண்ணுல ஒரு மிஸ்ரி, எகிப்துக்காரன், தேத்தண்ணியக் கவுத்திட்டான். இத ஏர்போர்ட்டுல காட்டி வெளிய கொண்டுவர நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். இதுல இருந்து என்னத்த எடுக்கப்போறீரு?"

"உயிரை" என்றான் பூதலிங்கம்.

பேச்சுக்குக் குறைவில்லை. பதிலுக்கு மொகுதூம் வீட்டு டி.வி.யை இனாமாகச் சரிசெய்து தருவதாக ஒப்பந்தம். அந்த டி.வி. எப்போது மூடப்பட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்.

உருண்டு விழுந்ததில் திரை நொறுங்கியிருந்தது, கூடும் உடைந்திருந்தது. ஆனால் உள்ளே இருந்த பச்சைப் பலகைக்கு உயிர் இருந்தது. அதைத்தான் அவன் மூளை என்பான். தேத்தண்ணி குடித்ததில் மூளை போய்விட்டது, திரை நன்றாக இருந்தது. இதன் மூளையையும் அதன் திரையையும் சேர்த்தால் முடிந்தது என்று எனக்கே புரிந்தது. ஆனால் இரண்டும் ஒரே கம்பெனி என்றாலும் ஒரே வருஷம் இல்லை. இதன் பலகை அதன் கூட்டுக்குள் உட்காரவில்லை. அதன் திரையிலிருந்து வருகிற பட்டை வயர் இதன் மூளைக்கு எட்டவில்லை. ஒரு மாதம் அவன் அந்தப் பட்டை வயரைக் கையில் வைத்துக்கொண்டு முடி முடியாகப் பற்றவைத்து நீட்டிக்கொண்டிருந்தான். கடையில் டி.வி.கள் கூடிக்கொண்டே போயின. ஆட்கள் வந்து என்னிடம் சண்டை போட்டார்கள். "பக்கத்துக் கடைக்காரர்தான நீங்க, சொல்லக் கூடாதா?" என்றார்கள். நான் சொல்லவில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது?

பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு. எனக்கு விளங்கிவிட்டது.

"பெட்டி மட்டும் நீங்க செஞ்சு தந்திருங்க அண்ணாச்சி. அலுமினியத் தகட்டுல. ஒங்களுக்கு அது ஒரு வேலையா?"

அளவு சொன்னான், கைச்சாணில். என் வாழ்க்கையில் சாணில் அளந்து நான் பெட்டி செய்ததில்லை. நானே போய் அளந்து செய்து கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது.

"பேட்டரிய மறந்துட்டேன் அண்ணாச்சி."

"லேப்டாப்புன்னாலே பேட்டரிதான்னு சொன்னது நீருதான வே!"

பழைய பேட்டரி செத்துவிட்டதால் எமர்ஜென்சி விளக்கில் போடுகிற பேட்டரி மூன்றைக் கோத்து வைக்கப்போகிறானாம். ஒவ்வொன்றும் செங்கல் கனம். இன்னும் உயரமாக இன்னொரு பெட்டி செய்தேன். அதில் ஃபிளாப்பி போடுகிற வாய்க்கு வலது பக்கம் வெட்டச் சொல்லிவிட்டு, வெட்டிய பிறகு இடது பக்கம் என்றான். வலது பக்கத்து ஓட்டையை அடைக்கத் தகடு வைத்தால், "வேண்டாம், சூடு போவுததுக்கு ஆச்சு" என்றான். மூடிக்குப் பெரிய டிரங்குப் பெட்டிக்குப் போடுகிற கீல்தான் என்னிடம் இருந்தது. அதைப் போட்டதும் மூடி திறந்தால் நிற்காமல் பின்னால் விழுந்தது. பக்கத்தில் ஒரு கம்பி கொடுத்து நிறுத்தினேன். எல்லாம் ஆனபிறகு தூக்கிப் பார்த்தேன்.

"இத மடியில வச்சா தொடை நசுங்கிப் போவும் வே."

"மடியில எதுக்கு வைக்கணும்? அதான் அங்கன மேசை கெடக்குல்லா."

மேசையில் வைக்கத்தான் இத்தனை பாடா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது?

முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது படபடவென்று சத்தம் வந்தது, பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது, இரண்டு கடைக்கும் ஃபியூஸ் போனது. மூளையின் அடிப்பக்கம் அலுமினியத்தில் பட்டிருக்கிறது. அது செத்திருக்க வேண்டியது. ஒரு கம்பி கருகியதோடு தப்பியது. பெட்டிக்குள் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். ஒட்டினோம் என்று சொல்கிறேன் பாருங்கள், என் வேலையை விட்டுவிட்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கோமு தினமும் கோர்ட்டிலிருந்து வந்து வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். திட்டினாலாவது ஒரு கணக்குத் தீரும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தத் திரை வெளிச்சமானது.

பூதலிங்கம் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான், கோயிலில் நிற்கிற மாதிரி. கோமு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வக்கீல் வழக்கமாகத் தொடங்குகிற வரியை அடித்தாள். பிறகு நடுவில் ஒரு சொல்லை அழித்து வேறொன்று போட்டாள். மிச்ச வரி தானாக நகர்ந்து இடம் கொடுத்தது. இன்னொன்றை மாற்றினாள். அதுவும் நகர்ந்தது. அவள் சிரித்தாள். பக்கத்துக் கடையில் இத்தனை வருஷம் இருக்கிறேன், அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"மூடும் வே" என்றேன். "இப்பமே ஸ்குரூவப் போட்டு மூடும்."

"நாளைக்குப் பூசை அண்ணாச்சி. பூசைய முடிச்சிட்டு மூடிருவோம்."

நான் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன். என் கடையில் ஆயுத பூசை கிடையாது. ஆனால் வருஷா வருஷம் பூதலிங்கம் கடையிலிருந்து பொரிகடலையும் சுண்டலும் வரும், நானும் போய் நின்றுவிட்டு வருவேன். அந்த வருஷமும் கூப்பிட்டான், போனேன். கடை கழுவி விட்டிருந்தது. டி.வி.கள், மீட்டர், திருப்புளிகள், பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன், கோமுவின் டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக, சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. நட்ட நடுவில் லேப்டாப், வயிற்றைத் திறந்துகொண்டு.

நான் செய்த பெட்டியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்ளே அந்தப் பச்சைப் பலகையின் மேல், கட்டைவிரல் அகலத்துக்குக் குழைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம். பட்டை வயரில் ஒரு செவ்வந்திப் பூ.

"ஏலே, என்னலே செஞ்சு வச்சிருக்க?" கோபத்தில் எனக்கு 'லே' வந்துவிட்டது.

"ஏன் அண்ணாச்சி?" அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "பெட்டி நீங்க செஞ்சது. நான் செஞ்சது உள்ளதான இருக்கு. மூளைக்கு வைக்காம வெறும் பெட்டிக்கு வச்சா சரசுவதி என்ன நெனப்பா?"

"ஈரச் சந்தனம் வே! வழிஞ்சு கீழ எறங்குது பாரும். மொதல்ல தொடையும்."

"பூசையில வச்சத எடுக்கக் கூடாதுல்லா. நாளைக்குக் காலையில மறுபூசை வச்சிட்டுத்தான் கைய வைக்கணும்."

"பன்னீர் வேற ஊத்திக் கொழச்சீராக்கும்?"

"பின்ன? சாமிக்கு வெறுந்தண்ணியவா ஊத்துவாக?"

கோமு தட்டில் பொரி அள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி அந்தச் சந்தனத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பொட்டு வைத்திருந்த டைப்ரைட்டரைப் பார்த்தாள். அதற்கு வருஷா வருஷம் வைத்ததுதான், ஒன்றும் ஆனதில்லை.

"நாளைக்கு வரைக்கும் கரண்டு குடுக்காம இருந்தா ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது. காஞ்சா தட்டிவிட்டுரலாம்."

நான் பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் சாமி, அவர்கள் பூசை. நான் எப்படிக் கையை நீட்டித் துடைப்பது?

மறுநாள் விஜயதசமி. மறுபூசை ஆனது, சூடம் காட்டியது, எல்லாம் ஆனது. சுவிட்சைப் போட்டான். ஒன்றும் இல்லை. மறுபடி போட்டான். இல்லை. அந்தப் பலகையில் பொட்டு மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு, அது எப்போதும் உயிரோடு இருக்கும், உள்ளே கடிகாரம் ஓடுவதற்கு என்று அப்போதுதான் எனக்குச் சொல்கிறான். ராத்திரி முழுக்க அந்த உயிர் பன்னீர்ச் சந்தனத்தோடு கிடந்திருக்கிறது. சுவிட்சுக்குப் போகிற பாதையில் களிம்பு பச்சைப் பச்சையாகப் பூத்துவிட்டது.

பாளையங்கோட்டையில் அன்றைக்கு அம்மன் சப்பரங்கள் எல்லாம் கூடுகிற நாள். ஊரே போனது. பூதலிங்கம் போகவில்லை. பல் விளக்குகிற பிரஷ்ஷைப் பெட்ரோலில் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் அதுதான். கோர்ட் திறக்க இன்னும் ஒரே நாள் இருக்கும்போது கோமு என் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஹைரோட்டு கம்ப்யூட்டர் கடையில ஆள் எடுக்காங்களான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்குத் தங்கச்சி?"

"சும்மா கேட்டேன்."

அவள் போன பிறகு நான் போய் அவன் முன்னால் நின்றேன். "அவ அழல வே. அழுதிருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது. சொந்த எடத்துல ராசாத்தி மாதிரி இருந்தவ, இன்னொருத்தன் கடையில போயி உக்காரவான்னு கேக்கா. எல்லாம் ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு!"

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "நல்லா வரணும்னுதான அண்ணாச்சி வச்சேன்" என்றான்.

இவனை அடிக்கவும் முடியவில்லை. வந்துவிட்டேன்.

கோர்ட் திறக்கிற நாள் காலை. நான் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். ஓடினேன். திரை வெளிச்சமாக இருந்தது. பூதலிங்கம் ஆடாமல் அசையாமல், சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்கப் பயந்துகொண்டு நின்றான். காலையிலிருந்து அமுக்கி அமுக்கி, எந்த அமுக்கலிலோ வந்திருக்கிறது.

"விரல எடும் வே" என்றேன். எடுத்தான். அணையவில்லை.

"அணைச்சா மறுபடி வருமா?" என்று கோமு கேட்டாள்.

"வரலாம்."

"வரலாம்னா?"

"வராமலும் போவலாம்."

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "அப்போ அணைக்க வேண்டாம். இப்படியே கொண்டு போவோம்."

மூடியைச் சாத்தினாலும் அது தூங்கிப்போகுமாம், தூங்கினால் எழுந்திருக்காதாம். ஆகவே மூடி திறந்தபடி, திரை எரிந்தபடி, ஒரு ஆட்டோவில். கோமு மடியில் பெட்டி. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த லேப்டாப் மடியில் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். பூதலிங்கம் ஒரு கையால் மூடியையும் ஒரு கையால் வயரையும் பிடித்துக்கொண்டான். பெட்டிக்குள் இருந்த பேட்டரி போதாது என்று இன்னொரு மூன்றைக் கோத்து வெளியிலிருந்து வயர் கொடுத்திருந்தான். அவை என் மடியில், டிரைவர் பக்கத்தில். கடையை யார் பார்ப்பது என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஆர்மோனியமா? எங்கன கச்சேரி?" என்றான் ஆட்டோக்காரன்.

"பைய ஓட்டு. குழியில எறக்குன, ஒன்ன ஆத்துல எறக்கிருவேன்."

பாளையங்கோட்டைக்குப் போகிற ஆத்துப்பாலத்தில் நெரிசல். லீவு முடிந்த முதல் நாள், ஊர் மொத்தமும் பாலத்தின் மேல்தான். முன்னால் ஒரு பஸ் நின்றது, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கீழே தாமிரபரணியில் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்களெல்லாம் தலையை நீட்டி, பட்டப்பகலில் ஒரு பெண் விளக்கு மாதிரி எரிகிற பெட்டியை மடியில் வைத்திருப்பதைப் பார்த்தார்கள். "எந்தக் கோயில் சப்பரம்வே இது?" என்று ஒருத்தன் கேட்டான். பூதலிங்கம் அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான். "வயரப் பாருங்க" என்றாள் கோமு.

மரத்தடியில் இறக்கி மேசையில் வைத்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. வக்கீல் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெட்டியைச் சுற்றி வந்தார்.

"இது என்ன, சிகரெட் கடைப் பெட்டி மாதிரி இருக்கு?"

"கம்ப்யூட்டர் ஐயா" என்றாள் கோமு. "சொல்லுங்க."

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு வரப்புத் தகராறு. பிராது சொல்ல ஆரம்பித்தார். "பிரதிவாதி வேண்டுமென்றே வரப்பை வெட்டி..." என்றார். அடித்தாள். "வேண்டுமென்றே வேண்டாம். உள்நோக்கத்துடன்னு போடு." மாற்றினாள். வரி நகர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட! அப்போ உள்நோக்கத்துடன் வேண்டாம், துர் எண்ணத்துடன்." மாற்றினாள். "இரண்டாவது பாராவை மூணாவதாக்க முடியுமோ?" ஆக்கினாள். "திரும்ப இரண்டாவதாக்கு." ஆக்கினாள்.

மனிதருக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு மாற்றினார். குமாஸ்தா மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெட்டிக்கு வெளியே பூதலிங்கம் வைத்திருந்த சின்ன விளக்கு பச்சையிலிருந்து சிவப்பானது. அவன் என் காதில் "பேட்டரி எறங்குது அண்ணாச்சி" என்றான். என் மடியிலிருந்த மூன்றும் பாலத்திலேயே தீர்ந்துவிட்டனவாம். பஸ்காரன் பாட்டுக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் உயிர் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"அந்த முதல் வரியில..." என்று வக்கீல் மறுபடி ஆரம்பித்தார்.

"ஐயா" என்றாள் கோமு.

இத்தனை வருஷத்தில் அவள் அவரை இடைமறித்ததில்லை. அவர் வாய் திறந்தபடி நின்றது.

"இன்னும் ஒரு வார்த்தை மாத்துனீங்கன்னா இது அணைஞ்சிரும். அணைஞ்சா இன்னைக்கு வராது. அடிச்சதெல்லாம் போயிரும். நீங்க மொதல்ல சொன்னதே நல்லாத்தான் இருந்துச்சு, எப்பவும் அப்படித்தான். 'வேண்டுமென்றே'ன்னு போட்டு முடிச்சிரட்டுமா?"

குமாஸ்தாவுக்கு இருமல் வந்தது. பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். நான் அதுவரை தூக்கிக்கொண்டு நின்ற பேட்டரிகளைத் தரையில் வைத்தேன், எதற்கும் கை காலியாக இருக்கட்டும் என்று.

வக்கீல் மரத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "போடு" என்றார்.

அவள் ஃபிளாப்பியைச் செருகினாள். அது கரகரவென்று எழுதியது. எழுதி முடித்து அவள் அதை உருவிக் கையில் எடுத்தாள். திரை இருண்டது. அதற்குப் பிறகு பூதலிங்கம் எவ்வளவு அமுக்கியும் வரவில்லை.

எதிரே, ஃபிளாப்பியை வாங்கிப் பிரிண்ட் மட்டும் எடுத்துக் கொடுக்கிற ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக் குமாஸ்தா கொண்டுவந்தார். வக்கீல் படித்தார். பழக்கத்தில் பேனாவை எடுத்துத் திறந்தார். பிறகு மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"கோர்ட் கூடறதுக்கு முன்னாடி நான் ஒரு பிராதை முடிச்சது இதுதான் முதல் தடவை" என்றார். "நாளைக்கு ரெண்டு இருக்கு. இந்த மிஷினையே கொண்டு வா. பெரிய பேட்டரியெல்லாம் போட வேண்டாம்னு உன் ஆம்படையான்கிட்டச் சொல்லு."

குமாஸ்தா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பூதலிங்கம், "அடுத்த வாரம் லாரி பேட்டரி ஒண்ணு போட்டுருவோம். நாள் முழுக்க ஓடும்" என்றான். கோமு திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கெட்டுப்போன சுவிட்சுக்குப் பதிலாக அன்று ராத்திரியே ஒரு வீட்டு அழைப்பு மணி சுவிட்சைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தான். அமுக்கினால் ஐந்துக்கு மூன்று தடவை வந்தது. அந்த மணி சுவிட்சோடு அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். பார்க்கிறவர்கள் எல்லாம் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் கோமு என் கடைக்கு வந்தாள். போர்வையில் சுற்றிய பெட்டியை பீரோக்களுக்கு நடுவே வைத்தாள்.

"ஒங்க கடையில பூசை கெடையாதுல்லா அண்ணாச்சி. ரெண்டு நாள் இங்கன இருக்கட்டும். அவுக கேட்டா பாக்கலன்னு சொல்லிருங்க."

மறுநாள் காலையில் பூதலிங்கம் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றான்.

"மிஷினப் பாத்தீகளா அண்ணாச்சி?"

"பாக்கல."

"அந்தப் போர்வைக்குள்ள என்னது?"

"பீரோக் கதவு."

"பீரோக் கதவுல எப்பமிருந்து காலிங் பெல் வைக்கீக?"

ஒரு பக்கம் கோமுவின் பிழைப்பு, ஒரு பக்கம் சரசுவதி, நடுவில் அந்தோணியார் படத்துக்குக் கீழே நான். அவன் கிண்ணத்தோடு நகராமல் நின்றான். பொட்டு வைக்காமல் போகமாட்டான் என்று தெரிந்துவிட்டது.

"வெளிய. பெட்டிக்கு மேல. ஒரே ஒரு பொட்டு" என்றேன். "மூடியத் தொட்டீருன்னா கைய ஒடிச்சிருவேன்."

குனிந்து பயபக்தியோடு வைத்தான். குங்குமமும் வைத்தான். கும்பிட்டான். எழுந்திருக்கவில்லை. பெட்டியின் மூலையில் விரலை வைத்து ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு ஸ்குரூ லூசா இருக்கு. ஒரு நிமிசம் தொறந்து பாத்திரட்டா?"

நான் சுத்தியலைத் தேடினேன். அது அவன் கடையில் இருந்தது.